கிண்ணமா, துளைப்பானா? – ஒரு கடற்பஞ்சின் பெயர் வரலாறு

முதற்கண் என் பிழையொன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகின்றேன். கடற்பஞ்சு என்பது கடலில் வளரும் ஒருவகைச் செடி என்று பல ஆண்டுகள் தோட்டப் பள்ளி மாணவர்க்கு நான் கற்பித்து வந்தேன். ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், அறிவியல் அறையின் கண்ணாடி அலமாரியில் உலர்ந்து பழுப்பேறிய ஒரு பொருள் இருந்தது. அதன் கீழே ‘கடல் தாவரம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். சீட்டில் எழுதியிருப்பதை ஐயுறும் வழக்கம் அந்நாளில் எனக்கு இல்லை. அது என் குறிப்பேட்டில் ஏறிற்று. குறிப்பேட்டிலிருந்து கரும்பலகைக்கு வந்தது. கரும்பலகையிலிருந்து எத்தனை பிள்ளைகளின் ஏட்டுக்குச் சென்றதோ, கணக்கில்லை.

அந்தப் பிழை வெளிப்படக் காரணமானவள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. விடுமுறையில் குடும்பத்தோடு பத்து பெரிங்கிக் கடற்கரைக்குப் போனவள், ஒரு சிப்பியோடு பள்ளிக்குத் திரும்பினாள். சிப்பியின் முதுகெங்கும் குண்டூசித் தலையளவு துளைகள். வண்டு துளைத்த பயற்றைப் போல இருந்தது.

“சார், இதை எந்தப் பூச்சி துளைச்சது?”

“ஏதாவது கடற்புழுவாக இருக்கும், அம்மா.”

“அந்தப் புழுவுக்குப் பேர் என்ன சார்?”

விடை இல்லை. சிப்பியைக் கேட்டு வாங்கி, டத்தோ கிராமாட்டிலுள்ள என் வீட்டு மேசைமேல் கொண்டுவந்து வைத்தேன். அவளுக்கு ஒரு சொல் விடையளிக்கவே தேடத் தொடங்கினேன். கிடைத்ததோ சிங்கப்பூர், கல்கத்தா, லைடன், மன்னார் என்று ஊர் ஊராகச் சுற்றிவரும் ஒரு நெடுங்கதை. அக்கதையின் தலைவன், நம் நீரிணைக் குடியேற்றங்களின் கடலில் முதன்முதல் பெயர்பெற்ற ஒரு கடற்பஞ்சு. ஆங்கிலேயர் அதனை ‘நெப்டியூன் கிண்ணம்’ என்பர்.

1819 சனவரியில் இராபிள்ஸ் பினாங்குத் துறையிலிருந்து கப்பலேறிச் சென்று சிங்கப்பூரில் கும்பினியின் கொடியை நாட்டியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அத்தீவின் கடற்பொருளொன்று கல்கத்தா அறிஞரின் ஏட்டில் இடம்பெற்றுவிட்டது. எழுதியவர் தாமஸ் ஹார்ட்விக். 1756-இல் பிறந்த இவர், கும்பினியின் வங்காளப் பீரங்கிப் படையில் பணியாற்றித் தளபதி நிலைவரை உயர்ந்தவர். போர்த்தொழில் ஒருபுறமிருக்க, உயிரினங்களைச் சேர்ப்பதும், நம் நாட்டு ஓவியரைக் கொண்டு அவற்றைத் தீட்டச் செய்வதும் இவருடைய வாழ்நாள் வேட்கை. அவ்வோவியத் தொகுதியை இறக்கும்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றார். ஓவியம் வரைந்த இந்தியக் கைகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் பதிவாகவில்லை என்பது ஒரு குறைதான்.

கல்கத்தா ஆசியக் கழகத்தின் ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ பதினான்காம் தொகுதி 1822-இல் அச்சாயிற்று. அதில் ஹார்ட்விக்கின் சிறு கட்டுரையொன்று உள்ளது. சிங்கப்பூர்த் தீவின் கரையோரங்களில் மிகுதியாகக் காணப்படும் ஒரு ‘சூபைட்’ பற்றிய விளக்கம் என்பது அதன் தலைப்பின் கருத்து. மிகுதியாகக் காணப்படும் என்னும் அத்தொடரை நேயர்கள் நினைவிற் கொள்க. பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

அவர் கண்ட பொருள் காண்போரை வியக்கச் செய்வது. தரையில் ஊன்றிய அடி, அதன்மேல் தண்டு, தண்டின்மேல் வாய் அகன்ற ஒரு பெருங்கிண்ணம். நன்கு வளர்ந்தது ஒரு மீட்டருக்கு மேல் உயரமும் அதற்கேற்ற அகலமும் உடையது. குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டியாகவும் அதனைப் பயன்படுத்தினர் என்று எழுதியிருக்கின்றனர். ஹார்ட்விக் இதற்கு ‘ஸ்பாஞ்சியா பட்டேரா’ எனப் பெயரிட்டார். முதற்சொல் பஞ்சைக் குறிக்கும். பட்டேரா என்பது உரோமர் வழிபாட்டில் பானம் வார்க்கும் தட்டக் கிண்ணம்.

‘சூபைட்’ என்றாரே, அது யாது? விலங்கும் செடியுமாய் நடுவில் நிற்பது என்று பொருள். அன்றைய ஐரோப்பியர்க்கும் கடற்பஞ்சு எப்பக்கத்தது என்று துணிய முடியவில்லை. நகராது, வாயில்லை, கண்ணில்லை, கையில்லை; பாறையில் வேர்விட்டதுபோல் ஒட்டிக்கிடக்கும். அரிஸ்டாட்டில் காலந்தொட்டே இந்த ஐயம் உண்டு. ஆகவே பயிற்சி அறைச் சீட்டை நம்பிய எனக்குச் சிறிது ஆறுதல் கிடைத்தது, இருநூறு ஆண்டு பிந்திய ஆறுதலானாலும்.

ஐயம் தீர்ந்தது ஹார்ட்விக்கின் கட்டுரை வந்த சில ஆண்டுகளுக்குள்தான். எடின்பரோவில் இராபர்ட் கிரான்ட் என்னும் மருத்துவர், உயிருள்ள கடற்பஞ்சின் சிறு கிளையொன்றைக் கடல்நீர் நிரப்பிய சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு, நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். பஞ்சின் துளையொன்றிலிருந்து நீர் இடைவிடாது பீறிட்டு வெளிவருவதைக் கண்டார். உடலெங்கும் உள்ள நுண்டுளைகளால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள இரையை வடித்துக்கொண்டு, பெருந்துளை வழியே கழிவுநீரை வெளிவிடும் உயிர் இது, செடியன்று, விலங்கே. ‘போரிபெரா’ என்று இவ்வகுப்புக்கு வழங்கும் பெயர் கிரான்ட் தந்ததே. தமிழ்ப் பாடநூல்கள் ‘துளையுடலிகள்’ என்கின்றன. மிகப் பொருத்தமான ஆக்கம். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற சார்லஸ் டார்வின், மாணவப் பருவத்தில் இந்தக் கிரான்டோடு கடற்கரையில் அலைந்து திரிந்தவர்.

கிரான்டின் இன்னொரு கண்டுபிடிப்பும் நமக்கு வேண்டும். ஸ்காட்லாந்துக் கழிமுகத்துச் சிப்பிகளின் ஓட்டைக் குடைந்து அதனுள்ளேயே குடியிருக்கும் ஒரு மஞ்சள்நிறப் பஞ்சினை அவர் கண்டு, 1826-இல் ‘கிளையோனா’ என்னும் புதிய பேரினத்தை வகுத்தார். ஓட்டின் மேல் சிறு துளைகள்; துளை வாயில் மொட்டுப்போன்ற மஞ்சட் புள்ளிகள்; உள்ளே அறை அறையாய்ப் பஞ்சின் உடல். என் மாணவி கேட்ட ‘பூச்சி’ இவ்வினத்தைச் சார்ந்ததுதான் என்பது எனக்கு அப்போதே ஒருவாறு விளங்கிற்று. ஆயினும் கிண்ணத்துக்கும் இதற்கும் என்ன உறவு? அன்று எவரும் உறவிருப்பதாக எண்ணவில்லை. ஒன்று தொட்டியளவு, மற்றொன்று ஊசித்துளையளவு.

கிண்ணத்தின் புகழ் பரவியது. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றும் தனக்கொன்று வேண்டின. செல்வர் வீட்டு முன்கூடங்களுக்கும் அது அணிகலனாயிற்று. லைடன் அருங்காட்சியகத்தின் ஹெர்மன் ஷ்லேகல் 1858-இல் இதற்குப் ‘போட்டேரியன் நெப்டியூனி’ என்று பெயர் சூட்டினார். போட்டேரியன் என்பது கிரேக்கத்தில் பருகும் கிண்ணம். நெப்டியூன் உரோமரின் கடற்றெய்வம், நெய்தல் நிலத்துக்கு நம் இலக்கணம் கூறும் வருணனைப் போல. 1870-இல் யூட்ரெக்ட் பேராசிரியர் பீட்டர் ஹார்ட்டிங் இப்பஞ்சைக் குறித்துத் தனி நூலே எழுதினார்.

இங்கே பெயரிடும் முறைபற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். தமிழாசிரியர்க்கு இது சுவையாயிருக்கும். ஓர் உயிருக்கு இருவர் இரு பெயர் இட்டால், முந்தியதே நிற்கும் என்பது விலங்கியலாரின் சட்டம். ஆதலால் ‘நெப்டியூனி’ எவ்வளவு அழகாயிருப்பினும், ஹார்ட்விக்கின் ‘பட்டேரா’வே சிற்றினப் பெயராக நிலைபெற்றது. அடுத்து, பெயருக்குப்பின் பெயரிட்டவரின் பெயரையும் எழுதுவர். அவர் முதலில் வைத்த பேரினத்திலேயே அவ்வுயிர் இன்றும் இருந்தால் வெறுமனே எழுதுவர். பின்வந்தோர் வேறு பேரினத்துக்கு மாற்றியிருந்தால் பெயரிட்டவரின் பெயரைப் பிறைக்குறிக்குள் அடைப்பர். கிண்ணப் பஞ்சின் பெயரில் ஹார்ட்விக் பிறைக்குறிக்குள் இருக்கின்றார். அதாவது, அவர் வைத்த வீட்டில் அது இப்போது இல்லை என்று அச்சிறு குறி சொல்லிவிடுகின்றது. நம் உரையாசிரியர்களின் குறியீடுகளைப் போல, ஒரு வளைகோட்டில் ஒரு வரலாறு.

எந்த வீட்டுக்கு மாறிற்று? ஏன் மாறிற்று? அதுவே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

கடற்பஞ்சினை இனங்காண்பதில் வடிவத்தை நம்பினால் மோசம் போவோம். ஒரே இனம் அலையடிக்கும் பாறையில் தகடாய்ப் படரும். அமைதியான நீரில் கிளைவிட்டு நிற்கும். நிறமும் அவ்வாறே, வெயில்படும் இடத்தில் ஒன்று, பொந்தில் ஒன்று, சாராயத்தில் இட்டால் இரண்டும் வெளுத்துவிடும். மாறாமல் நிற்பது உள்ளே இருக்கும் நுண்முட்கள். பெரும்பாலான கடற்பஞ்சுகளின் உடலில் சிலிக்காவாலான, அதாவது கண்ணாடிக்கு மூலமான பொருளாலான, கண்ணுக்குத் தெரியாத முட்கள் ஆயிரமாயிரமாய்ச் செறிந்திருக்கும். சில இருமுனையும் கூரியன; சில ஒருமுனை மழுங்கியன; சில விண்மீன் வடிவின; சில நங்கூரம் போல்வன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பவர்பாங்க், ஷ்மிட் முதலியோர் இம்முட்களையே வகைப்பாட்டுக்கு அடிப்படையாக்கினர். குளிக்கப் பயன்படும் பஞ்சில் முள் இல்லை; மென்னார்களே உண்டு. இல்லாவிடில் யார் அதைத் தேய்த்துக் குளிப்பார்!

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்திருப்பதைத் தமிழாசிரியர் யாவரும் கற்பிப்பவரே. அங்கே நத்தையும் சிப்பியும் ஈரறிவுயிர்கள். தொடுவுணர்வுக்கு மேல் எதுவும் காட்டாத கடற்பஞ்சை நாம் அத்திட்டத்தில் வைக்கப் புகுந்தால், புல்லோடும் மரத்தோடும் ஓரறிவிலேதான் வைக்க நேரும். ‘எல்லாம் அன்றே நம்மவர் கண்டனர்’ என்று முழங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அத்தகைய கட்டுரைகளைப் படித்துச் சலித்தவருள் நானும் ஒருவன். நான் கூற வந்தது வேறு. அந்நூலார் உடலின் தோற்றத்தைப் பாராமல், அறியும் ஆற்றல் என்னும் ஒன்றை அளவுகோலாகக் கொண்டு அதன்படியே நெடுகிலும் வகுத்தார். விலங்கியலார் நுண்முள்ளை அளவுகோலாகக் கொண்டனர். எதனைக் கொண்டு வகுக்கின்றோம் என்பதை முதலில் தெளிந்தபின் வகுப்பது இரண்டிடத்தும் ஒன்றே. கண்ணுக்குக் கிண்ணமாய்த் தோன்றியதால் ‘கிண்ணப் பேரினம்’ என்று ஒன்றை அமைத்தவர்கள் அந்த அளவுகோலைச் சற்றே நழுவவிட்டனர் எனலாம்.

கிண்ணப் பஞ்சின் முட்கள் எத்தகையன? ஒருமுனையில் உருண்டைத் தலையும் மறுமுனையில் கூர்மையும் உடைய குண்டூசிகள். கிளையோனாவின் உடலில் இருப்பனவும் இத்தகைய குண்டூசிகளே! 1908-இல் லைடனைச் சேர்ந்த வோஸ்மார், போட்டேரியன் ஒரு துளைக்கும் பஞ்சே என்று எழுதினார். மறு ஆண்டே பிரெஞ்சு அறிஞர் எமில் தொப்சான், நெப்டியூன் கிண்ணத்தைப்பற்றி விரிவாக ஆராய்ந்து ‘கிளையோனா பட்டேரா’ என்ற தலைப்பிலேயே வெளியிட்டார். தொட்டியும் ஊசித்துளையும் ஒரே உயிரின் இருபருவங்கள் என்றாயிற்று.

இதனை நம் கண்முன் காணும் ஒன்றால் விளக்கலாம். பறவை உமிழ்ந்த அரசம் விதை கோயில் மதிற்பிளவில் விழுகின்றது. முதலில் சுவரில் இரண்டு இலை மட்டுமே தெரியும். வேர் உள்ளே சுவரைப் பிளந்துகொண்டிருக்கும். பிறகு கன்று மதிலைப் போர்த்தி வளரும். இறுதியில் மதில் எங்கே என்று தேடவேண்டும். மரம் தன்காலில் நிற்கும். துளைக்கும் பஞ்சுகளின் வாழ்வும் மூன்று நிலையுடையது என்பர். முதல்நிலையில் சிப்பியோட்டுக்குள்ளோ பவழக்கல்லுக்குள்ளோ மறைந்து, புள்ளிகளாய் மட்டும் வெளித்தெரியும். இரண்டாம் நிலையில் மேற்பரப்பை மூடிப் படரும். மூன்றாம் நிலையில் இடங்கொடுத்த ஓட்டை உண்டு செரித்துத் தனித்து எழும். இவற்றுக்கு ஆல்பா, பீட்டா, காமா எனக் கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டுள்ளனர். எல்லாத் துளைப்பஞ்சும் மூன்றாம் நிலையை எட்டுவதில்லை; பல முதல்நிலையிலேயே வாழ்வை முடித்துக்கொள்ளும். எட்டியவற்றுள் மிகப் பெரியதும் மிக அழகியதுமாய் நிற்பது சிங்கப்பூர்க் கிண்ணம்.

பல்லும் நகமும் இல்லாத மெல்லுடல் கல்லை எப்படித் துளைக்கின்றது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். பஞ்சின் சில உயிரணுக்கள் ஓட்டின்மேல் அமர்ந்து, தம் விளிம்பால் சுண்ணப் பொருளை வட்டமாய்க் கரைத்து அரிக்கின்றன. நடுவில் ஒரு நுண்சில்லு விடுபடுகின்றது. அச்சில்லைப் பஞ்சு தன் நீரோட்டத்தில் வெளியே தள்ளிவிடும். நாவற்பழக் கொட்டையைச் சுற்றிச் சதையைச் சுரண்டுவது போல, கரைப்பது கொஞ்சம், பெயர்ப்பது மிகுதி. பவழப் பாறைகளைச் சூழ்ந்த வண்டலில் ஒரு பகுதி இவ்வாறு பஞ்சுகள் துப்பிய சில்லுகளே.

இப்போது மன்னாருக்கு வருவோம். கிண்ணம் நம் அண்டை அயலாரின் கதையென்றால், துளைப்பஞ்சு தமிழர் பொருளாதாரத்தோடு நேரே மோதிய கதை. கொற்கை நாளிலிருந்து பேர்பெற்ற முத்துச் சிப்பியின் ஓட்டை இத்துளைப்பஞ்சுகள் குடைகின்றன. ஓடு தேன்கூடாகி நொறுங்கத் தொடங்கும். உள்ளிருக்கும் சிப்பியோ துளையை அடைப்பதற்காக மேலும் மேலும் முத்துப்பொருளைச் சுரந்து தன் ஆற்றலை அதிலேயே செலவழிக்கும். ஈரறிவுயிரை ஓரறிவுயிர் தின்னும் கொடுமை இது என்று நம் இலக்கணப்படி சொல்லி வைக்கலாம்.

சென்னை அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டனைத் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய 1909-ஆம் ஆண்டுப் பெருநூலால்தான் நம்மவர் அறிவர். குலங்களைத் தொகுக்குமுன் அவர் கடற்பஞ்சுகளைத் தொகுத்தார் என்பதைப் பலர் அறியார். அவர் சென்னைக் கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் சேர்த்து அனுப்பியவற்றை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து 1887-இலும் 1889-இலும் எழுதினார். பிறகு, 1891-க்குப் பின் இலங்கைப் பக்கத்தில் முத்துக்குளிப்பு நடவாமல் நின்றுபோகவே, காரணம் அறிய இலங்கை அரசு லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. 1902-இல் அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலும் முத்துப்பார்களை ஆராய்ந்தனர். அவர்கள் கொணர்ந்த பஞ்சுகளும் டெண்டியிடமே சென்றன. 1905-இல் வெளிவந்த அவருடைய அறிக்கையில் முத்துச்சிப்பியைத் துளைக்கும் ஒரு புதிய இனம் ‘கிளையோனா மார்கரிட்டிபெரே’ என்று பெயர் பெற்றது. முத்துச்சிப்பிக்கு அந்நாளில் வழங்கிய இலத்தீன் பெயரையொட்டி அமைந்த பெயர் இது. கொல்லப்படுவதன் பெயரைக் கொல்வதற்குச் சூட்டியிருக்கின்றனர்.

முத்துப்பார்கள் அழிந்ததற்குத் துளைப்பஞ்சு ஒன்றே காரணம் என்று ஹெர்ட்மன் கூறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பருவக்காற்றில் இடம்பெயரும் மணல் குஞ்சுச் சிப்பிகளை மூடிவிடுவதையே அவர் பெரிதாகக் கொண்டார். பஞ்சும் நட்சத்திர மீனும் திருக்கையும் அதற்கு அடுத்த பகைகள். 1903 முதல் 1907 வரை மீண்டும் குளிப்பு நடந்து, பின் ஓய்ந்தது. மன்னார்க் கடலின் பஞ்சுகளை இந்தியர் கையிலெடுத்தது அதன்பிறகு. 1947-இல் தோன்றிய நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இயங்கிய நாளிலிருந்து பி. ஏ. தாமஸ் பல்லாண்டு உழைத்து, மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலுமாக 275 இனங்களைப் பட்டியலிட்டார். துளைக்கும் பஞ்சுகள் சிப்பிப் படுகைகளுக்கும் பவழப் பாறைகளுக்கும் செய்யும் கேட்டினைத் தனியே ஆராய்ந்தவரும் அவரே. இத்தகைய உழைப்பு தமிழ்ப் பாடநூல்களில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாதது எனக்கு வருத்தமே.

கிண்ணத்தை விட்டுவந்த இடத்துக்குத் திரும்புவோம். ஹார்ட்விக் ‘மிகுதியாகக் காணப்படும்’ என்றார். அடுத்த நூறாண்டுக்குள் அது கிடைப்பதரிதாயிற்று. வேண்டியவரெல்லாம் வளர்ந்த கிண்ணங்களையே பறித்தனர். வளர்ந்தவையே இனம் பெருக்குபவை. வோஸ்மாரும் தொப்சானும் அதன் மெய்யான குலத்தை நிறுவிய அதே காலத்தில், சிங்கப்பூர்க் கடலில் அதைக் கண்டவர் இல்லை. பெயர் சரியானபோது பெயருக்குரியது போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டில் அது அழிந்தே போயிற்று என்று கருதினர். அருங்காட்சியகங்களில் உலர்ந்த கிண்ணங்கள் மட்டும் நின்றன.

2011-இல் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவருகே, கடலடி ஆய்வுக்கு மூழ்கிய கேரன் துன், யூஜின் கோ என்னும் இருவர், கிண்ண வடிவில் ஒரு பஞ்சு நிற்பதைக் கண்டனர். பழைய படங்களில் உள்ளதைப்போல் பெரியதன்று, இளங்கிண்ணம். வடிவத்தை மட்டும் கண்டு துள்ளியிருந்தால் பழைய பிழையே மீண்டும் நேர்ந்திருக்கும். ஏனெனில் கிண்ண வடிவில் வளரும் பஞ்சுகள் வேறும் உண்டு. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துப் பஞ்சு ஆய்வாளர் லிம் சுவீ செங்கும் அவர்களுமாக முட்களைச் சோதித்து, 2012-இல் கட்டுரை வெளியிட்டனர். ‘கிளையோனாவா, போட்டேரியனா?’ என்னும் வினா அதன் தலைப்பிலேயே இருக்கிறது. நூறாண்டு கழித்தும் பேரினம் எதுவென்று கேட்பது அறியாமையன்று; உயிர் கைக்குக் கிடைத்தபின் பழைய தீர்ப்பை மறுபடி சோதிக்கும் நேர்மை. இன்று கிளையோனா பட்டேரா என்பதே வழக்கிலுள்ள பெயர். பின்னர் மேலும் சில கிண்ணங்கள் தென்பட்டன. நகர மாட்டாத உயிர்கள் தம் விந்துவை நீரில் விட்டே இனம் பெருக்குவதால், தனித்தனியே நின்றவற்றுள் சிலவற்றைச் சிஸ்டர்ஸ் தீவுக் கடற்பூங்காவில் ஒன்றுக்கொன்று அருகே கொண்டுபோய் அமர்த்தினர்.

தமிழில் இதனை எவ்வாறு வழங்கலாம் என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். ‘வருணன் கிண்ணம்’ என்றால் ஓசை இனிக்கும். எனக்கும் முதலில் அதுவே தோன்றிற்று. ஆனால் அது ஷ்லேகல் செய்ததையே தமிழில் செய்வதாகும்: கண்டது கிண்ணம், ஆகவே பெயர் கிண்ணம். மலாய்க்காரர் கடற்பஞ்சைப் ‘பூங்ஙா காராங்’, பவழப் பாறையின் பூ என்பர். நாம் பஞ்சு என்றோம். பூவுமன்று, பஞ்சுமன்று. வழக்கில் ஊறிய பெயர்களை மாற்றவேண்டியதில்லை. புதிதாய் ஆக்கும் பெயரிலாவது குலம் தெரியட்டும். ‘கிண்ணத் துளைப்பஞ்சு’ என்று நான் என் வகுப்பில் சொல்கின்றேன். இதனினும் நல்லதைப் புலவர்கள் தந்தால் ஏற்பேன்.

சிப்பியின் கதையையும் முடித்துவிடுகின்றேன். கேள்வி கேட்ட அப்பெண் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கின்றாள். தம்பியை அழைத்துப்போக ஒருநாள் எங்கள் பள்ளிக்கு வந்தவளிடம், துளைத்தது புழுவுமன்று பூச்சியுமன்று, கடற்பஞ்சு என்றேன். கடற்பஞ்சு செடியென்று அவள் வகுப்புக்கு நான் சொன்னதும் தவறு என்றேன். அவள் முகம் மலர்ந்தது. ஆனால் பழைய கேள்வியை விடவில்லை.

“அதுக்குப் பேர் என்ன சார்?”

கிளையோனா என்று சொல்லிவிடலாம்; நாவின் நுனிவரை வந்தது. துளையைக் கண்டு குலத்தைச் சொல்லலாம், இனத்தைச் சொல்லலாகாது. அதற்கு முள் வேண்டும். பள்ளியிலிருந்த நுண்ணோக்கியை எடுத்து வைத்தோம். பஞ்சாய்வாளர் செய்வது போலவே, துளைகளுக்குள் படிந்திருந்த தூளை ஊசியால் சுரண்டி, துணி வெளுக்கும் நீரை இரண்டு சொட்டு நான் விட்டேன். சதை இருந்தால் கரைந்துபோய் முள் மட்டும் தங்கும். நல்ல நீரால் கழுவிக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, அவளும் நானும் மாறிமாறிப் பார்த்தோம். அவள் தம்பியும் எட்டி எட்டிப் பார்த்தான். மணற்பரல்களே தெரிந்தன. ஒரு முள்ளும் இல்லை. கரையொதுங்கி அலையில் உருண்ட சிப்பியில் எத்தனை நாள் அவை தங்கும்!

சிப்பியை அவளிடமே திருப்பிக் கொடுக்க எண்ணினேன். பள்ளி அலமாரியில் வைக்கச் சொன்னாள். சீட்டை அவளே தன் கையால் எழுதினாள்: ‘சிப்பி ஓடு. துளைத்தது கடற்பஞ்சு. இனம் தெரியவில்லை. கிடைத்த இடம்: பத்து பெரிங்கி.’ கீழே, கண்டெடுத்த நாளையும் நினைவுகூர்ந்து குறித்தாள்.